அர்ச்சுனனை அக்கரைக்குக் கொண்டுபோக

படகின் இன்ஜின் நின்றுபோன ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அர்ச்சுனன் போர்டிக்சன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவரை ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றைக் கடத்திவிட்டவன் சுகுமாறன்தான். பன்னிரண்டு நாளுக்கு முன்பு படகு ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சை அடைப்பதுபோல இருக்கிறது என்று சொன்னவர், யாரையும் பிடிக்க விடாமல் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு வந்து படகில் ஏறினார். "ரெண்டு மூனு நாள்ல வந்துருவேன். ஒங்க அக்காவ கொஞ்சம் பாத்துக்கடா தம்பி," என்றார் இறங்கும்போது. அக்கா என்றது அவர் மனைவி குமுதவல்லியை. சர்க்கரை வியாதியில் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. சக்கர நாற்காலியில்தான் இருந்தாள்.

செராய் தோட்டத்துக்கு ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் கடல்வரைக்கும் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடும் சேறும். மற்ற பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கக் கம்பெனி போட்ட செம்பனை. செம்பனைக்குள்ளே முப்பது கிலோமீட்டர் மண்சாலையில் சுற்றினால் பெடாஸ் பக்கம் போய்த் தார்ச்சாலையில் ஏறலாம். அந்தச் சாலையில் இருந்த மரப்பாலத்தை இரண்டு வருடத்துக்கு முந்தைய மழை கொண்டுபோய்விட்டது. பழைய தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் யாரும் இப்போது எங்கள் தொழிலாளிகள் இல்லை, பாலத்தை அரசாங்கம் கட்டட்டும் என்றது கம்பெனி. அது தனியார் நிலம், அங்கே அரசாங்கப் பணத்தைப் போட முடியாது என்றது மாவட்ட அலுவலகம். இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரிதான் என்று, இவர்களுக்காகப் பேச வந்த வக்கீலே சொல்லிவிட்டுப் போனார். மழை இல்லாத நாளில் கம்பெனி டிராக்டர் மட்டும் ஓடைக்குள் இறங்கி ஏறும். லயத்தில் மிச்சமிருந்த பதினோரு குடும்பங்களுக்கு வழி ஆறுதான். ஆற்றுக்கு ஒரு படகு.

பன்னிரண்டு பேர் உட்காரும் ஃபைபர் படகு அது. இலவசம் என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அரசாங்கத்திடம் குத்தகை எடுத்த கொந்திராக்டர் ஒருவரிடம் சுகுமாறன் சம்பளத்துக்கு இருந்தான். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து ஐம்பதை நெருங்கிவிட்டவன். இன்ஜின் நின்ற அன்றே படம் எடுத்துக் கொந்திராக்டருக்கு அனுப்பினான். சாமான் விலை கேட்டிருக்கிறேன், மேலே ஒப்புதல் வரவேண்டும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் பதிலில்லை. ஆனால் வருகைப்பதிவு மட்டும் நிற்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு, ஓடாத படகின் பக்கத்தில் நின்று தன்னைப் படம் பிடித்து அனுப்பவேண்டும். படகு நின்றது டவுன் பக்க ஜெட்டியில். அவன் வீடோ அக்கரையில். அதனால் ஒவ்வொரு நாளும் டவுன் பக்கம் குடியிருந்த பாக் டின் என்ற மலாய்க்கார மீனவரின் சின்னச் சம்பான் படகில் ஏறி, படம் எடுப்பதற்காகவே ஆற்றைக் கடந்து வந்தான்.

அன்றைக்கும் படத்தை அனுப்பிவிட்டு நின்றபோதுதான் புனிதா கூப்பிட்டாள். அர்ச்சுனனின் ஒரே மகள். போர்டிக்சனில் ஒரு கிளினிக்கில் வேலை. புருசன் தர்மேந்திரன் லாரி ஓட்டுகிறான்.

"சுகு மாமா… அப்பா போய்ட்டாரு."

"எப்பம்மா?"

"நாலரைக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. போன்ல எப்புடி மாமா சொல்றது?"

"நான் இக்கரையில நிக்கிறேன்மா. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காகிட்ட சொல்லி, கூட இருந்து பக்குவமா சொல்லச் சொல்றேன்."

"அப்பாவ வீட்டுக்குக் கொண்டு வரணும் மாமா. போட்டு ஓடுதா?"

ஒன்பது நாளாக அவள் தினமும் கேட்ட கேள்வி. ஒன்பது நாளாக, இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது.

"இல்லம்மா," என்றான்.

குமுதவல்லி அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருமுறைகூடப் புருசனைப் போய்ப் பார்க்கவில்லை. முதல் மூன்று நாள், அவரே வந்துவிடுவார் என்றிருந்தாள். அக்கரை ஜெட்டியின் மிதவை உடைந்து ஒரு வருடமாயிற்று. இரும்பு ஏணி வழியாகத்தான் சம்பானில் இறங்க முடியும். அரசாங்கப் படகு உயரமானது; கடல் பொங்கி ஆற்றில் நீர் ஏறி நிற்கும் நேரத்தில் அது ஜெட்டி மட்டத்துக்கு வந்துவிடும், நாற்காலியோடு தூக்கி ஏற்றிவிடலாம். அது நின்றுபோனதிலிருந்து புருசனும் மனைவியும் போனில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். கடைசி இரண்டு நாள் அவருக்குப் போனைப் பிடிக்கவும் தெம்பில்லை.

சுகுமாறன் கொந்திராக்டருக்கு நாலு தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை. எட்டரைக்கு அலுவலகம் திறந்ததும் அங்கே அடித்தான். எடுத்தது ஒரு பெண். மலாயில் நிதானமாகப் பேசினாள். விசயத்தைச் சொன்னதும் அவள் குரல் தணிந்தது. மன்னிக்கவும் என்றாள். படகு நிறுத்திவைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது, இன்சூரன்ஸ் இல்லை, யார் நகர்த்தினாலும் நடப்பதற்கு அவரே பொறுப்பு என்றாள். இன்ஜின் ஓடினால்கூட அதில் பயணிகளைத்தான் ஏற்றலாம், பிரேதம் பயணி கணக்கில் வராது என்று சொல்லும்போது அவளே தயங்கினாள். திங்கட்கிழமை ஒரு கடிதம் கொடுங்கள் என்றாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். அவளிடம் கோபப்படக்கூட அவனால் முடியவில்லை.

புனிதா தீயணைப்பு நிலையத்துக்கு அடித்துப் பார்த்தாள். இருக்கிற படகு இரண்டும் வேறு இடத்தில் வெள்ளத்துக்குப் போயிருந்தன. தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் டிராக்டர் கேட்டாள். ஓடையில் நெஞ்சளவு தண்ணீர் ஓடுகிறது, டிராக்டரே முழுகிவிடும் என்றார் அவர்.

பாக் டின் ஜெட்டிப் படியில் உட்கார்ந்து, சுகுமாறன் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அர்ச்சுனனை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும். "என் சம்பானில் சவப்பெட்டி நிற்காது, கவிழ்ந்துவிடும். இந்த ஆற்றில் முதலையும் இருக்கிறது," என்றார் மலாயில். பிறகு அரசாங்கப் படகைத் திரும்பிப் பார்த்தார். "ஆனால் அதில் பெட்டியை வைத்து, என் சம்பானால் இழுக்கலாம். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் நீர் நிற்கும். அதற்குள் போய்விட வேண்டும். மேலே மழை பெய்திருக்கிறது, நீர் சீக்கிரமே திரும்பினாலும் திரும்பும்."

படகுச் சங்கிலியின் சாவி சுகுமாறன் இடுப்பில்தான் இருந்தது. சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்ற மஞ்சள் நாடாவை அவனே போன வாரம் கட்டியிருந்தான். அந்தப் பெண் சொன்ன பொறுப்பு என்ற சொல் மண்டைக்குள் சுற்றியது. அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தான். பிறகு புனிதாவுக்குப் போன் செய்து, "அப்பாவ ஜெட்டிக்குக் கொண்டாங்கம்மா," என்றான்.

பதினொன்றரை தாண்டித்தான் வேன் வந்தது. தர்மேந்திரனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் பெட்டியை இறக்கினார்கள். புனிதா தலைகூட வாரவில்லை, முதல் நாள் வேலைக்குப் போட்ட சட்டையிலேயே இருந்தாள். வேன் டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார். "தம்பி, மின்சுடலையில மூன்றரைக்கு டைம் வாங்கிருக்கு. அத விட்டா திங்கட்கெழமதான். ரெண்டு மணிக்கு நான் கெளம்பணும்லா."

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேணாம்," என்றாள் புனிதா. "அந்த ஜெட்டியிலயே வெச்சு அம்மா மொகத்த பாத்துட்டு, வாய்க்கரிசி போடட்டும். ஒடனே திரும்பிரலாம்."

அக்கரை ஜெட்டியில் ஒரு நீலக் குடை தெரிந்தது. குடையைப் பிடித்திருந்தது செல்லம்மா. அதற்குக் கீழே நாற்காலியில் குமுதவல்லி. சுற்றி லயத்து ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். ஆற்றின் அகலம், கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டினால் தெரியும். புனிதா கையை ஆட்டவில்லை. குடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைப் படகின் நடுவில் இருக்கைகளுக்கு மேலே நீளவாக்கில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். சுகுமாறன் எல்லோருக்கும் பாதுகாப்பு ஜாக்கெட் கொடுத்தான். புனிதா போட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். தர்மேந்திரனும் இன்னொருவனும் ஏறினார்கள். மற்ற இரண்டு பேரைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டான் சுகுமாறன். நாடாவை அவிழ்த்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டிருந்தது. நீர் கண்ணாடி மாதிரி நின்றது. பாக் டின் கயிற்றை மாட்டிக்கொண்டு சம்பானைக் கிளப்பினார்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. கயிறு விறைத்து நின்றது, படகு ஆமை மாதிரி நகர்ந்தது. நகர்கிறதே என்றிருந்தது சுகுமாறனுக்கு. பின்பக்கம் நின்று நீண்ட கழியால் திசை பார்த்துக்கொண்டான். குடைக்குக் கீழே இருப்பவர்களின் உருவம் தெளிந்து வந்தது. செல்லம்மா கையில் எவர்சில்வர் தட்டு. குமுதவல்லி இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, எழுந்திருக்கப் போகிறவள்போல முன்னால் சாய்ந்திருந்தாள்.

நடு ஆற்றைத் தாண்டியபோது தண்ணீரின் நிறம் மாறியது. மேலேயிருந்து செம்மண் தண்ணீர், குப்பையும் கிளையுமாக வந்தது. நீர் திரும்பிவிட்டது. படகின் முகம் மெல்லக் கடல் பக்கம் திரும்பியது. சுகுமாறன் கழியை ஊன்றிப் பார்த்தான், தரை எட்டவில்லை. முன்னால் சம்பானின் சின்ன இன்ஜின் அலறியது. படகின் பாரம் சம்பானின் பின்பக்கத்தை இழுத்து அமுக்க, அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாக் டின் ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"தாக் போலே! சுகு, தாக் போலே!"

முடியாது என்கிறார். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். இந்தப் படகு இன்ஜினில்லாமல் கடலுக்குப் போகும். அவிழ்க்காவிட்டால் இரண்டும் சேர்ந்து போகும். மிச்சம் ஒரே வழி, நீரோடு சேர்ந்து வளைந்து வந்த பக்கமே ஒதுங்குவது.

"இன்னும் கொஞ்சந்தான மாமா," என்றாள் புனிதா. பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். "அம்மா தெரியிறாங்க மாமா. இன்னும் கொஞ்சந்தான."

தர்மேந்திரன் சுகுமாறனைப் பார்த்தான்.

சுகுமாறன் கையை உயர்த்தி வட்டமாகச் சுற்றிக் காட்டினான். "பூசிங்! திருப்புங்க!"

சம்பான் திரும்பியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆள்கள் பெட்டியின் மேல் விழுந்து பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் உள்ளே அடித்துப் பெட்டியின் கால்மாட்டை நனைத்தது. அக்கரையிலிருந்து யாரோ கத்துவது சத்தமாக மட்டும் வந்தது, சொல்லாக வரவில்லை. நீர் தள்ளிய தள்ளில் ஜெட்டிக்குப் போக முடியாமல், கீழே மீன் இறக்கும் துறையில் போய் முட்டினார்கள். அங்கே நின்றவர்கள் இறங்கி வந்து பிடித்தார்கள். பாக் டின் சேற்றில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து, நனைந்த கைலியோடேயே ஜும்மா தொழுகைக்குப் போனார்.

புனிதா அழவில்லை. "மறுபடி எப்ப நீர் நிக்கும்?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு மேலம்மா."

வேன் மேலே சாலையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். துறையில் நின்ற எல்லோருக்கும் குமுதவல்லியின் குரல் கேட்டது.

"ஒங்களுக்கெல்லாம் ஒன்னும் ஆவலயே?"

"இல்லம்மா."

"தண்ணி உள்ள போயிருச்சா? அவரு நனஞ்சிட்டாரா?"

"இல்லம்மா. பொட்டி மட்டுந்தான்."

"சரி. கொண்டு போங்க. வெயில்ல வெக்காதீங்க."

"மொகத்த பாக்கலயேம்மா நீ."

"போன்ல காட்டு."

தர்மேந்திரன் மூடியைத் திறந்தான். புனிதா போனைக் குனிந்து பிடித்தாள். அக்கரையில் எப்போதும் ஒரு கோடுதான் சிக்னல் இருக்கும். படம் வந்தது, உடனே அசையாமல் நின்றுவிட்டது. நின்ற படத்தில் முகத்தில் பாதிதான் தெரிந்தது என்றும், குமுதவல்லி அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டே தட்டிலிருந்த அரிசியை எடுத்தாள், எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள் என்றும் செல்லம்மா பின்னால் சொன்னாள்.

இரண்டு மணிக்கு முன்னாலேயே வேன் கிளம்பிப் போனது. சுகுமாறன் மின்சுடலைக்குப் போகவில்லை. படகை ஜெட்டிக்கு இழுத்துவந்து, சங்கிலி போட்டு, மஞ்சள் நாடாவைத் திரும்பக் கட்டினான்.

மீன் துறையில் நின்ற ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தார். அன்று சாயங்காலமே அது ஊரெல்லாம் பரவியது. யார் யாரோ கோபப்பட்டு எழுதினார்கள். திங்கட்கிழமை மூன்று கார்களில் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். ஜெட்டியைச் சுற்றிப் பார்த்து, ஓடாத படகின் மேல் கால்வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு ஆய்வு நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதன்கிழமை கொந்திராக்டர் சுகுமாறனைக் கூப்பிட்டார். ஒன்பது நாளில் ஒருமுறைகூடப் போனை எடுக்காதவர். அனுமதியில்லாமல் அரசாங்கச் சொத்தைப் பயன்படுத்தியது, ஆட்களின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியது என்று கடிதம் கொடுத்தார். "நான் என்ன செய்ய, மேலேயிருந்து சொல்கிறார்கள்," என்றார் மலாயில். சுகுமாறன் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தான்.

சாவு நடந்து இருபத்திரண்டாம் நாள் இன்ஜினுக்குச் சாமான் வந்தது. அர்ச்சுனனின் கருமாதி அதற்குள் முடிந்திருந்தது. ரெம்பாவ் பக்கத்திலிருந்து ஓர் இளைஞனைப் படகோட்டக் கொண்டுவந்தார்கள். இன்சூரன்ஸ் கெடுபிடி கூடியது. வெள்ளம் வந்தால் ஓடக்கூடாது, மழை பெய்தால் ஓடக்கூடாது என்றார்கள். அதைப் பார்த்து மூன்று குடும்பங்கள் சாமான் கட்டிக்கொண்டு கோலா பிலாவிலும் சிரம்பானிலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போயின. ஆள் குறைந்தது என்று, தினமும் ஓடிய படகை வாரத்துக்கு மூன்று நாள் ஆக்கினார்கள்.

குமுதவல்லி போக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் போகவேண்டிய இரண்டு தவணை தவறி, இடது காலிலும் புண் வந்த பிறகு புனிதா விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நீர் ஏறிய நேரத்தில், சுகுமாறனும் லயத்து ஆட்களும் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். சுகுமாறன் கூடவே ஏறி, நாற்காலி நகராமல் பிடித்துக்கொண்டான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படகு கொஞ்ச தூரம் போனதும், "எந்த எடத்துல திரும்புனீங்க?" என்று கேட்டாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். அடையாளம் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. "இங்கதாங்க்கா," என்றான்.

அவள் திரும்பி ஜெட்டியைப் பார்த்தாள். வழியனுப்ப வந்தவர்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள். செல்லம்மா மூக்கைத் துடைப்பதுகூடத் தெரிந்தது.

"இவ்ளோ கிட்டயா வந்தீங்க?"

"ஆமாக்கா."

"எனக்கு அன்னிக்கு ரொம்ப தூரத்துல இருந்த மாதிரி இருந்துச்சுடா."

சுகுமாறன் எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நீர் திரும்பியது, சம்பானில் தண்ணீர் ஏறியது, பாக் டின்னும் செத்திருப்பார் என்று எல்லாமே அவனிடம் இருந்தது. எல்லாமே உண்மை. நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் ஜெட்டியைப் பார்த்தபடியே, "நீ என்னா பண்ணுவ," என்று மட்டும் சொன்னாள்.

இக்கரையில் தர்மேந்திரன் காடியோடு நின்றான். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கையை உயர்த்தினாள். காடி போய்விட்டது.

படகுக்கார இளைஞன் சாப்பிடப் போயிருந்தான். மறுநடை மூன்று மணிக்கு என்று புது போர்டில் எழுதியிருந்தது. தூறல் போடத் தொடங்கியது. சுகுமாறன் மூன்றரை வரைக்கும் ஜெட்டியில் உட்கார்ந்து பார்த்தான், இளைஞன் வரவில்லை. பிறகு எழுந்து, பாக் டின் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க நடந்தான்.